கடலோரத்தில் ஓர் இரவு: காரை எங்கே விடுவது, எங்கே படுப்பது?

நாங்கள் வளர்ந்த காலத்தில் விடுமுறை என்றால் லண்டனில் சித்தி வீடு, ஜேர்மனியில் மாமா வீடு. படுக்க இடம் தேடும் வேலையே எங்கள் பெற்றோருக்கு இருக்கவில்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகி, சுழியோடவும் கேட்கிறார்கள். ஆனால் நல்ல கடல் இருக்கிற இடத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு வருகிறது: "ஒரு இரவுதானே, காருக்குள்ளயே படுத்திட்டுக் காலமை கடலுக்குப் போவம்."

அப்படிச் செய்யலாமா? பிரெஞ்சுச் சட்டத்தில் வாகனத்தை நிறுத்துவது வேறு, கம்பிங் செய்வது வேறு. நிறுத்த அனுமதியுள்ள இடத்தில் வானை விட்டு உள்ளே படுத்தால் அது பொதுவாக நிறுத்துவதுதான். வெளியே கதிரை, மேசை, பந்தல் போட்டால் அது கம்பிங் ஆகிவிடும். கடற்கரையில் கம்பிங் தடை. கலாங்க் தேசியப் பூங்காவிலும் போர்-குரோ தீவிலும் கூடாரம் அடிக்கவே முடியாது. இதைவிட, இரவில் வாகனம் விடுவதை மேயர் தன் ஊரில் தடுக்கலாம். கடலோர ஊர்கள் பல அப்படித் தடுத்திருக்கின்றன. ஆகவே பார்க்கிங் வாசலில் உள்ள பலகையை முழுதாக வாசியுங்கள். உயரத் தடைக் கம்பி இருந்தால், கூரையில் பெட்டி கட்டிய கார் உள்ளே போக முடியாமல் இருக்கலாம்.

மலிவான வழி எது? முதலில் பார்க்க வேண்டியது நகரசபை நடத்தும் கம்பிங் முனிசிப்பால். மொபில்-ஓம் எடுக்காமல் கூடாரத்துக்கான வெறும் இடத்தைக் கேளுங்கள். வழக்கமாக இரண்டு பேருக்கும் ஒரு காருக்கும் சேர்த்தே விலை சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் மின்சாரத்துக்கும் தனியாக எவ்வளவு என்று முதலே கேட்பது நல்லது. தங்கல் வரி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை.

காஃப் உதவி பெறும் குடும்பங்கள் வருடத் தொடக்கத்தில் வரும் கடிதங்களைக் கவனியுங்கள். வருமானக் கணக்கைப் பார்த்து விடுமுறை உதவி கொடுப்பார்கள். வகாஃப் முத்திரை உள்ள கம்பிங்கில் பதிந்தால் அந்தத் தொகையை உங்கள் பில்லிலேயே கழிப்பார்கள். வேலையிடத்துக் கொமித்தே தரும் செக்-வக்கான்சையும் பல கம்பிங்குகள் ஏற்கின்றன.

எங்கே போகலாம்? பிள்ளைகளோடு முதல்முறை என்றால் ஸ்பெயின் எல்லைக்கு அருகே உள்ள பானியுல்ஸ்-சுர்-மேர் நல்ல தெரிவு. செவ்ரானிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீற்றர். 1974இல் பிரான்சின் முதலாவது கடல் இயற்கைக் காப்பகம் செர்பேருக்கும் பானியுல்சுக்கும் இடையில்தான் உருவானது. அங்கே பெய்ரெஃபித் கடற்கரையில் 250 மீற்றர் நீளமான கடலடிப் பாதை ஒன்று உண்டு. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மூச்சுக்குழாயும் கண்ணாடியும் போட்டு, விளக்கப் பலகைகளைப் பார்த்தபடி இலவசமாக நீந்தலாம். 8 வயதிலிருந்து பிள்ளைகள் கழகப் பயிற்றுநரோடு முதல் சுழியோட்டம் செய்யலாம். பெற்றோரின் எழுத்து அனுமதி தேவை.

கோடையில் பானியுல்சில் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம். கம்பிங்குகளுக்குப் பேர்போன ஆர்ஜெலெஸ்-சுர்-மேரில் தங்கி, காரை அங்கேயே விட்டு ரயிலில் போகலாம். பெர்ப்பிஞோன்–செர்பேர் பாதை ஆர்ஜெலெஸ், கொலியூர், போர்-வாந்தர், பானியுல்ஸ் வழியாகத்தான் போகிறது. இன்னொன்று: பாரிஸ் பகுதியும் மொன்பெலியே, துலூஸ் பகுதிகளும் ஒரே விடுமுறை வலயம், வலயம் ஸே. எங்கள் பிள்ளைகளுக்கு லீவு வரும்போது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் லீவு. ஆகவே நேரத்தோடு பதியுங்கள்.

காசைவிட முக்கியமானது கடைசி இரவு. "பின்னேரம் வரைக்கும் கடல்ல நிண்டிட்டு, இரவோட இரவா வீட்டை போயிடுவம்" என்று நினைப்பவர்கள் ஏ75 நெடுஞ்சாலையைத்தான் தேடுவார்கள். மில்லோ பாலத்தைத் தவிர அதில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் அந்தச் சாலை சில இடங்களில் 1,100 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. சிலிண்டரோடு சுழியோடியவரின் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரலாம். விமானத்துக்குச் சொல்லப்படும் இடைவெளி, ஒருமுறை சுழியோடினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. மலைச்சாலைக்கு எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று பயிற்றுநரைக் கேளுங்கள். ரோன் பள்ளத்தாக்கு வழி தாழ்வானது, ஆனால் கட்டணம் உண்டு. மூச்சுக்குழாயோடு மேலே நீந்தியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் களைத்த சாரதிக்கு 900 கிலோமீற்றர் எந்தப் பாதையிலும் ஆபத்துத்தான்.

ஆகவே கணக்குப் போடும்போது கடைசிச் சுழியோட்டத்துக்குப் பிறகு வரும் இரவையும் சேர்த்தே பதியுங்கள். அந்த ஓர் இரவுக் கம்பிங் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். லாச்சப்பலில் வாங்கிய இடியப்ப மாவும் சம்பலும் இருந்தால் சாப்பாட்டுச் செலவை அங்கேயே குறைக்கலாம். கடலில் ஆபத்து என்றால் 196, கரையில் 112. இரண்டு இலக்கத்தையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.