தீர விசாரிக்காத தீர்ப்பு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு, அந்நகரின் மிகப் பழைய தெருக்களுள் ஒன்றாகும். கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அக்காலத்தில் 'சூலியா' என்று அழைத்தனர். அவர்கள் கூடி வாழ்ந்து வணிகம் செய்ததால் தெருவும் அப்பெயரைப் பெற்றது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்த பிறகே இத்தெரு உருவானது. ஆனால், அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ் முஸ்லிம் வழிவந்தவராகக் கருதப்படும் ஒருவர் மலாக்கா அரசில் மிக உயர்ந்த பதவியை வகித்தார். அவரே பெண்டஹாரா துன் முத்தாஹிர்.

பெண்டஹாரா என்பது சுல்தானுக்கு அடுத்த நிலையிலுள்ள முதலமைச்சர் பதவியாகும். துன் முத்தாஹிரின் பாட்டனார் மணி புரிந்தான் இந்தியாவிலிருந்து மலாக்காவிற்கு வந்தவர். அவருடைய மகன் துன் அலி அரசவையில் உயர்ந்த இடத்தைப் பெற்றார். துன் முத்தாஹிரின் உடன்பிறந்தவரான துன் செனாஜா, சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷாவை மணந்தார். அவர்களுடைய மகனே சுல்தான் மாமூட் ஷா. எனவே, துன் முத்தாஹிர் சுல்தானின் அமைச்சர் மட்டுமல்லர், தாய்மாமனும் ஆவார்.

துன் முத்தாஹிர் 1500ஆம் ஆண்டளவில் பெண்டஹாராவாகப் பொறுப்பேற்றார். அவருடைய காலத்தில் மலாக்காத் துறைமுகம் வணிகத்தால் செழித்தது. அவரும் பெருஞ்செல்வரானார். அவர் வணிகர்களிடம் பொன்னும் பொருளும் பெற்றதாக 'செஜாரா மெலாயு' என்னும் நூல் கூறுகிறது. பதவியும் செல்வமும் சேர்ந்தபோது பொறாமையும் உடன் வளர்ந்தது.

அந்நூல் கூறும்படி, ராஜா முதலியார், நைனா சூரா தேவன் என்னும் இரு பெருவணிகர்களுக்கிடையே வழக்கு எழுந்தது. வழக்கைத் தீர்க்க வேண்டிய பெண்டஹாராவுக்கு நைனா சூரா தேவன் இரவோடு இரவாகப் பொன் கொடுத்தார். இச்செய்தியைக் கித்துல் என்பவன் திரித்து, "உங்களைக் கொல்லவே அந்தப் பொன் கொடுக்கப்பட்டது" என்று ராஜா முதலியாரிடம் கூறினான். அஞ்சிய ராஜா முதலியார், பெண்டஹாரா அரியணையைக் கைப்பற்றத் திட்டமிடுவதாகக் கடற்படைத் தலைவர் கோஜா ஹசானிடம் முறையிட்டார். கோஜா ஹசான் அதைச் சுல்தானின் செவிக்குக் கொண்டு சென்றார்.

சுல்தானுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. பெண்டஹாராவின் அழகிய மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாமலேயே துன் அலி என்பவருக்கு மணமுடித்துவிட்டார் என்பதே அதற்குக் காரணம். ஆகவே, சுல்தான் விசாரணை எதுவுமின்றி மரண தண்டனை விதித்தார். துன் முத்தாஹிரின் மகன் துன் ஹசான் எதிர்த்துப் போரிட முனைந்தார். தந்தையோ, மன்னருக்கு எதிராக ஆயுதம் ஏந்தலாகாது என்று அவரைத் தடுத்தார். 1510ஆம் ஆண்டில் துன் முத்தாஹிரும் அவருடைய மகனும் மருமகனும் கொல்லப்பட்டனர்.

உண்மை பின்னரே வெளிப்பட்டது. பொய் பரப்பியவர்கள் தண்டிக்கப்பட்டனர். சுல்தான் வருந்தினார், ஆனால், போன உயிர்கள் திரும்பவில்லை. பெண்டஹாரா பதவி முதுமையால் தளர்ந்த ஒருவருக்குச் சென்றது. மறு ஆண்டே, 1511இல், அல்புகெர்க்கின் தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுடைய பீரங்கிகள் வலிமை வாய்ந்தவை என்பது உண்மையே. எனினும், எதிரி வாசலுக்கு வருமுன்பே அரண்மனைக்குள் ஒற்றுமை குலைந்திருந்தது.

உரோமப் பேரரசிலும் இதுபோன்ற நிகழ்வு நடந்தது. வேற்றினத் தந்தைக்குப் பிறந்த ஸ்டிலிக்கோ என்னும் தளபதி, தம் மகளைப் பேரரசர் ஹொனோரியசுக்கு மணமுடித்துக் கொடுத்து அரசைத் தாங்கி நின்றார். அவர்மீதும் அரசத் துரோகப் பழி சுமத்தப்பட்டது. 408ஆம் ஆண்டில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய மகனும் உயிரிழந்தான். இரண்டே ஆண்டுகளில் அலாரிக்கின் படை உரோம் நகரைச் சூறையாடியது.

கணவரையும் தந்தையையும் இழந்த துன் பாத்திமா, பின்னர்ச் சுல்தான் மாமூட் ஷாவின் அரசியானார். அவருடைய மகனே ஜொகூர் அரசின் முதல் சுல்தானான இரண்டாம் அலாவுடின் ரியாயாட் ஷா. துன் முத்தாஹிரின் குருதி இவ்வாறு அரச பரம்பரையில் தொடர்ந்தது.

துன் முத்தாஹிர் குறையே இல்லாதவர் அல்லர். ஆயினும், குறை உள்ளவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். 'தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் கூறியது வீட்டிற்கு மட்டுமன்றி நாட்டிற்கும் பொருந்தும்.