பனிக்காலத்துப் பாலை

பாலை என்றவுடன் மனக்கண் முன் தோன்றுவன கோடை வெயிலும் கானலுமே. ஆயினும் தொல்காப்பியனார் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரிமையாக்கினார். அஃது எங்ஙனம் பொருந்தும் என்று யாம் மாணவப் பருவத்தில் ஐயுற்றதுண்டு. மாசித் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாலைவனத்தில் மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்த பின்னர், பாலையை அறிதற்கு ஏற்ற காலம் பனிக்காலமே என்று தெளிந்தோம். வெயில் அடங்கிய அக்காலத்தில், அந்நிலத்தை உருவாக்கியதும் ஆள்வதும் நீரே என்னும் உண்மை நன்கு புலனாகின்றது.

நெவாடா மாகாணத்து லாஸ் வேகாஸ் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 115 மைல் சென்றால் பீட்டி என்னும் சிற்றூரை அடையலாம். அதற்கு நான்கு மைல் மேற்கே ரயோலைட் என்னும் பாழூர் உள்ளது. 1904-ஆம் ஆண்டில் ஆங்குப் பொன் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் குடியேறினர். மின்விளக்குகளும், மூன்றடுக்கு வங்கிக் கட்டடமும், இரயில் நிலையமும் எழுந்தன. 1907-ஆம் ஆண்டின் பண நெருக்கடியும், சுரங்கத்தின் விளைவு குன்றியதும் அதன் வாழ்வை முடித்தன. 1916-இல் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இன்று வங்கியின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீட்டியோ அமர்கோசா ஆற்றங்கரையில், ஊற்றுக்களை அடுத்து அமைந்தது, இன்றும் வாழ்கின்றது.

அமர்கோசா பெரும்பாலும் நிலத்தடியிலேயே ஓடும் ஆறு. அது கடலை அடைவதில்லை. தெற்கே சென்று, பின் வளைந்து, மரணப் பள்ளத்தாக்கில் புகுந்து மறைகின்றது. நாமும் மலை கடந்து அப்பள்ளத்தாக்கில் இறங்குவோம். அதன் மிகத் தாழ்ந்த இடமாகிய பாட்வாட்டர், கடல் மட்டத்திற்கு 282 அடி கீழே உள்ளது. வந்த நீருக்கு வெளியேற வழியில்லை. ஆவியாகிச் செல்லும் நீர் தான் கொணர்ந்த உப்பை விட்டுச் செல்கின்றது. ஆதலின் கண்ணுக்கெட்டிய தூரம் வெண்ணிற உப்பு வெளியே பரந்து கிடக்கின்றது.

அந்நிலம் வறண்டதன் காரணம் யாதெனில், பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று, சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்கள் ஒவ்வொன்றிலும் ஏறிக் குளிர்ந்து, தன் மழையை ஆங்காங்கே பெய்துவிடுகின்றது. பள்ளத்தாக்கில் இறங்கும்போது அது வறண்ட காற்றேயாகும். ஆண்டு மழை சுமார் 2 அங்குலமே. 1913 ஜூலை 10-இல் ஆங்கு 134 பாரன்ஹைட் டிகிரி வெப்பம் பதிவாயிற்று. பனிக்காலத்திலோ நண்பகலிலும் இனிய வெம்மையே நிலவும். எனினும், அருமையாக வரும் மழை பெருந்தீங்கும் செய்யவல்லது. 2023 ஆகஸ்டு 20-இல் ஒரே நாளில் 2.2 அங்குலம் பெய்து பாதைகளை அரித்தது. உப்பு வெளி ஏரியாகிப் பல திங்கள் நிலைத்தது.

மரணப் பள்ளத்தாக்கு என்னும் பெயரும் பனிக்காலத்தில் வந்ததே. 1849-ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் பொன்னை நாடிச் சென்ற ஒரு கூட்டத்தார் வழி தவறி இதனுட் சிக்கினர். உணவு குறைந்தது, மாடுகள் மெலிந்தன. மான்லி, ரோஜர்ஸ் என்னும் இளைஞர் இருவர், பெண்டிரும் குழந்தைகளும் அடங்கிய குடும்பங்களை ஓர் ஊற்றருகே விட்டு, உதவி தேடி நடந்தனர். தாம் மட்டும் பிழைத்துக்கொள்ள அவர்கட்கு வழியிருந்தது. ஆயினும் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின் உணவுடன் மீண்டு வந்து, காத்திருந்தோரை அழைத்துச் சென்றனர். அப்பள்ளத்தாக்கினுள் இறந்ததாக அறியப்பட்டவர் ஒருவரே. அவ்விரு இளைஞரும் மீளாதிருப்பின் அவ்வெண் எத்தனையாயிருக்கும்!

பின்னர் லாஸ் வேகாஸ் வழியே கிழக்குநோக்கிச் சென்று, யூட்டா மாகாணத்து பிரைஸ் கான்யன் தேசியப் பூங்காவை அடைந்தோம். அது 8,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. செந்நிறப் பாறைத் தூண்களின் முடியில் வெண்பனி படிந்திருந்தது. பகலில் உருகும் பனிநீர் பாறைப் பிளவுகளில் இறங்குகின்றது. இரவில் உறைந்து, சுமார் நூற்றில் ஒன்பது பங்கு பருத்து, ஆப்புப் போலப் பாறையைப் பிளக்கின்றது. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் இது நிகழ்கின்றது. மழைநீரும் உடன் அரிக்க, அத்தூண்கள் உருவாயின.

மீளும் வழியில், கொலராடோ ஆற்றின் குறுக்கே 726 அடி உயரமாக எழுப்பப்பெற்று 1935-இல் திறக்கப்பட்ட ஹூவர் அணையைக் கண்டோம். லாஸ் வேகாஸ் நகரின் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இவ்வாற்றினின்றே வருகின்றது. அணையின் மேலுள்ள மீட் ஏரியைச் சூழ்ந்த பாறைகளில், நீர் முன்பு நின்ற உயரத்தை ஒரு வெண்பட்டை காட்டுகின்றது. 2022 ஜூலையில், 1937-க்குப் பின் என்றும் இல்லாத அளவிற்கு அவ்வேரி தாழ்ந்தது. பொன் தீர்ந்த ஊரைக் கண்ட கண்களுக்கு, அவ்வெண்பட்டை ஓர் எச்சரிக்கையாகவே தோன்றிற்று.

பாலைக்குச் செல்வோர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் நீர் எடுத்துச் செல்க என்பது ஆங்குள்ள விதி. வீட்டிலும் விடுதியிலும் குழாயைத் திறக்கும் நாம், அவ்வளவை ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று.