நோயும் மனமும் அண்டை வீடும்

நோய் என்றதும் உடலைப் பற்றியே நாம் எண்ணுகிறோம். நோயுற்றவரின் மனநிலையும், அக்கம்பக்கத்தார் அவரை நடத்தும் விதமும் நோயின் போக்கையே மாற்ற வல்லவை என்பதை மறந்துவிடுகிறோம். இதற்குக் காசநோயே தக்க சான்று.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகள் பல. நெருக்கமும் காற்றோட்டக் குறைவும் காசநோய்க் கிருமி பரவ இடந்தருகின்றன. ஆயினும், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமியும் ஒருவர் சளிப் பரிசோதனைக்குச் செல்லாதிருப்பது ஏன்? அச்சமும் வெட்கமும் அதற்கு ஒரு காரணம்.

விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நோய் வெளியே தெரிந்தால் அவரிடம் யார் இட்லி வாங்குவர்? திருநெல்வேலியில் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நிலைக்குமா? இவ்வாறு கலங்கி, இருமல் மருந்து ஒன்றை வாங்கிக் குடித்துக் காலத்தைக் கடத்துகிறார். அதற்குள் நோய் முற்றுகிறது. உடன் உறங்கும் குழந்தைகளுக்கும் தொற்றுகிறது.

இவ்வச்சத்திற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் ஏழை இல்லங்களிலேயே இருந்து மருந்துண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்க வைத்தது. எளிய உணவும் நெருக்கமான வீடும் இருந்தும், ஓராண்டுச் சிகிச்சையில் இல்லத்திலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை. ஆகவே, நோயாளியை ஒதுக்கி வைப்பதன்று, மருந்தை இடைவிடாது உண்ணச் செய்வதே முக்கியம் என்பது தெளிவாயிற்று.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருந்தை இலவசமாக வழங்குகிறது. 2024 நவம்பர் முதல் சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாயும் அளிக்கிறது. முறையாக மருந்துண்டால் சில வாரங்களில் நோய் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஆனால் பிறர் கண்ணுக்கு அஞ்சி மருந்தை ஒளித்து உண்பவர், இருமல் தணிந்தவுடன் அதை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்பொழுது கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறக்கூடும்.

காசநோய் இருமலின்போது காற்றில் பரவுவது; தட்டாலும் தம்ளராலும் பரவுவதன்று. எனவே அடுத்த வீட்டில் ஒருவர் நெடுநாள் இருமினால், கதவைச் சாத்திக்கொள்ளாமல், “வாருங்கள், பரிசோதனைக்கு நானும் உடன் வருகிறேன்” என்போம். சிகிச்சை பெற்றுத் தொழிலுக்குத் திரும்பியவரிடம் முன்போலவே இட்லி வாங்குவோம். அதுவும் மருத்துவமே.