சோறு இறங்கவில்லையா? முதலில் பார்க்கும் டாக்டர் கையில்தான் இருக்கிறது!

“சோறு நெஞ்சுல நிக்குது... கூழுன்னா இறங்கிருது.” கோவில்பட்டி வட்டாரக் கரிசல் கிராமங்களில் ஒருவர் இப்படிச் சொன்னால், வாயுத் தொல்லை என்று கஷாயம் வைத்துக் கொடுப்பது வழக்கம். களையெடுப்புக் கூலியையோ, தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தையோ விட்டுவிட்டு, சுமார் 55 கி.மீ. தள்ளியிருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புவது லேசான காரியமில்லை.

ஆனால், உணவுக்குழாய்ப் புற்றுநோயின் முக்கிய அறிகுறி இதுதான். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீரும் இறங்காது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் என்பதால், கட்டி நன்றாக வளர்ந்த பிறகுதான் அடைப்பே தெரியும். 2022-ல் உலகம் முழுக்க சுமார் 5.11 லட்சம் பேருக்கு இந்நோய் வந்தது, சுமார் 4.45 லட்சம் பேர் இதற்குப் பலியானார்கள். புகையிலை, மது, பாக்கு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை.

அதனால், நோயாளி முதலில் பார்க்கும் டாக்டருக்குத் தரும் பயிற்சிதான் முக்கியம். விழுங்கச் சிரமம் என்றால் வாரக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், உடனே எண்டோஸ்கோபிக்கு அனுப்ப வேண்டும். இதுவே முதல் பாடம்.

அடுத்தது, எண்டோஸ்கோபி செய்பவருக்கான பாடம். உணவுக்குழாயின் உட்புறத்தில் லூகால் அயோடின் கரைசலைத் தெளித்தால், ஆரோக்கியமான பகுதி பழுப்பு நிறமாகும். கோளாறான இடம் நிறம் ஏறாமல் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கலாம். மலிவான மருந்து, தேவைப்படுவது பழகிய கண்ணும் கையும்தான்.

நோய் முற்றியவருக்கும் வழி உண்டு. சுருங்கிய இடத்தில் தானாக விரியும் உலோக ஸ்டென்ட் வைத்தால், பெரிய ஆபரேஷன் இல்லாமலே மறுபடி விழுங்க முடியும். கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா நாடுகளில் உள்ளூர் டாக்டர்களுக்கே இதைக் கற்றுக்கொடுக்கிறது ஆப்பிரிக்க உணவுக்குழாய்ப் புற்றுநோய்க் கூட்டமைப்பு.

கற்றுக்கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் சாந்தாவின் காலத்தில், 1984-ல் புற்றுநோய் மருத்துவத்துக்கான உயர் பட்டப்படிப்புகளை ஆரம்பித்தது. அந்த அறிவு ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறங்கினால்தான் கரிசல்காட்டு நோயாளிக்குப் பயன்.

வீட்டில் யாருக்காவது விழுங்கச் சிரமமா? எப்போதிலிருந்து, எந்த உணவு இறங்கவில்லை, எடை குறைந்ததா? இந்த மூன்றையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். “எண்டோஸ்கோபி தேவையா?” என்று தயங்காமல் கேளுங்கள்.