பனிமலைப் பயணமும் நேரசூசியும்



முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையில் நேரசூசி வகுத்துப் பழகியவன் நான். எந்த நேரசூசி கைக்கு வந்தாலும், அதில் வெற்றுப் பாடவேளை எங்கே இருக்கிறதென்று தேடுவது என் இயல்பாகிவிட்டது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் குடும்பத்தோடு வாழும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், பெப்ரவரி விடுமுறைக்கென ஒரு வாரத் திட்டம் வகுத்து, என் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தார். மனைவி, இரு பிள்ளைகள் சகிதம் செர்மற் என்னும் மலைக்கிராமத்தில் பனிச்சறுக்குப் பழகுவதே அவர் நோக்கம். ஏழு நாட்களும் காலை முதல் மாலை வரை நிரம்பியிருந்தன. வெற்றுப் பாடவேளை ஒன்றேனும் இல்லை.

நான் பனிச்சறுக்கு அறியாதவன். எனினும் அக்கிராமத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது, அங்கே விடுமுறையின் நேரசூசியை வகுப்பது மனிதன் மட்டுமல்லன், மலையும் வகுக்கிறது என்பது விளங்கியது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

செர்மற் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், 4,478 மீற்றர் உயரமான மற்றர்ஹோர்ன் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. பேர்ணிலிருந்து புகையிரதத்தில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். மோட்டார் வண்டியில் வருவோர் ஐந்து கிலோமீற்றர் கீழேயுள்ள தேஷ் என்னும் ஊரில் அதனை நிறுத்திவிட்டுப் புகையிரதம் ஏறவேண்டும். ஊருக்குள்ளே மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டிகளே உண்டு. 1898ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதம், கோர்னர்கிராற் என்னும் 3,089 மீற்றர் உயரமான இடம்வரை ஏறுகிறது. தொங்கூர்தியோ 3,883 மீற்றர் வரை கொண்டுசெல்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கிலும் குறைவு. ஆதலால் முதல்நாளே உச்சிக்கு ஓடுவது முறையன்று. உடல் உயரத்துக்குப் பழக அவகாசம் வேண்டும்.

இத்தகைய ஊருக்குச் செல்வோர் முதலில் தீர்மானிக்கவேண்டியது காலம். ஜனவரியில் குளிர் கடுமை, பகற்பொழுது குறுகியது. பெப்ரவரியில் பாடசாலை விடுமுறையால் கூட்டம் மிகும், விடுதிக் கட்டணமும் உயரும். மார்ச்சில் பகல் நீண்டு வெயில் இதமாகும். தாழ்ந்த ஊர்களில் அப்போது பனி உருகத் தொடங்கினாலும், செர்மற் போன்ற உயர்ந்த ஊர்களின் மேற்சரிவுகளில் அது நிலைத்திருக்கும். பாடசாலைப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கோ விடுமுறை வாரமே கதி. அவர்கள் அறையையும் பயிற்சி வகுப்பையும் பல மாதங்களுக்கு முன்னரே ஒழுங்கு செய்துகொள்வது நன்று.

இரண்டாவது, தகுதி அறிந்து தடம் தேர்தல். அங்கே நீலக் குறியிட்ட தடம் எளியது, சிவப்பு நடுத்தரமானது, கறுப்பு கடினமானது. புதியவர்கள் பயிற்சி ஆசிரியரிடம் சில நாட்கள் பழகிய பின்னரே தாமாகச் சறுக்க முனையவேண்டும். சறுக்குப் பலகையையும் சப்பாத்தையும் வாடகைக்குப் பெறலாம். சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். எல்லை கடந்து இத்தாலியின் செர்வீனியாவரை சறுக்க இடமளிக்கும் விலைகூடிய அனுமதிச்சீட்டு, புதியவருக்கு வேண்டியதில்லை. காற்று பலத்துத் தொங்கூர்தி நின்றுவிட்டால், அப்பாற் சென்றவர் மலையைச் சுற்றித் தெருவழியே பல மணி நேரம் பயணஞ் செய்துதான் திரும்பவேண்டியிருக்கும்.

மூன்றாவதே முதன்மையானது. அதுதான் பனிச்சரிவு. சுவிற்சர்லாந்தில் அதன் அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்டுக் குளிர்காலத்தில் நாள்தோறும் அறிவிக்கிறார்கள். ஐந்துக்கு மூன்று என்றால் நாம் என்ன நினைப்போம்? மாணவன் சித்தியடைந்துவிட்டான் என்போம். மலையிலே அந்தக் கணக்குச் செல்லாது. பனிச்சரிவால் நிகழும் மரணங்களில் பெரும்பகுதி, மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே நிகழ்ந்திருக்கிறது. நான்கும் ஐந்தும் மனிதரை அஞ்சவைத்து வீட்டில் இருத்திவிடுகின்றன. மூன்றோ துணிவு கொடுத்து வெளியே அழைத்துவிடுகிறது. இறந்தவர்களுட் பெரும்பாலோர் குறியிட்ட தடத்தை விட்டு அப்பாற் சென்றவர்கள். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்காவிடின், உயிர் தப்பும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடுகிறது. எனவே தடத்தை விட்டு விலகாமை பிள்ளைகளுக்கு மாத்திரமன்று, பெற்றோருக்கும் உரிய விதியாகும். மலைமீட்புச் செலவு பாதிக்கப்பட்டவர் தலையிலே விழக்கூடுமாதலால், அதற்குரிய காப்புறுதியும் அவசியம்.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் கடும்பனி பொழிந்து, செர்மற்றுக்குச் செல்லும் தெருவும் புகையிரதப் பாதையும் மூடப்பட்டன. ஏறத்தாழ 13,000 பயணிகள் ஊருக்குள்ளே அகப்பட்டனர். சிலர் ஹெலிகொப்டரில் வெளியேறினர். ஏனையோர் பாதை திறக்கும்வரை காத்திருந்தனர். மலை விடுமுறை கொடுத்தபோதுதான் மனிதருக்குப் பயணம் கிடைத்தது. விடுமுறை முடிந்த மறுநாட் காலையே கந்தோருக்குச் செல்லவேண்டும் என்று திட்டமிட்டவர் நிலை என்னவாயிருக்கும்?

ஆகையால் என் மாணவருக்கு நான் எழுதியது இதுதான்: "வாரத்தின் நடுவே ஒரு நாளையும், வீடு திரும்பிய பின் ஒரு நாளையும் வெறுமையாக விடுங்கள். முதலாவது, களைத்த கால்களுக்கும் கெட்ட வானிலைக்கும். இரண்டாவது, மூடப்படக்கூடிய பாதைக்கு."

வெற்று நாளிலே என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஊரிலே ஒரு நூதனசாலை இருக்கிறது. 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, எட்வேட் விம்பர் முதலிய எழுவர் முதன்முதலாக மற்றர்ஹோர்னின் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்த அந்தக் கயிறு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அதன்முன் சிறிது நேரம் நிறுத்திவையுங்கள் என்றேன். உச்சியை அடைவது பாதிப் பயணமே. பத்திரமாக இறங்கி வருவதுதான் மறுபாதி.

அவரிடமிருந்து திருத்திய நேரசூசி வந்துவிட்டது. புதன்கிழமைக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. எனக்கு மனநிறைவாயிற்று.