தீர்ப்பு எழுதப்படாத வழக்கு: ஹோசே பி. லாரெலும் ஒத்துழைப்புச் சிக்கலும்

முன்னுரை

இரண்டாம் உலகப்போரின்போது பிலிப்பைன்ஸை ஆக்கிரமித்த ஜப்பானியரின் ஆதரவில் 1943 அக்டோபர் 14ஆம் நாள் ஒரு குடியரசு நிறுவப்பட்டது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோசே பி. லாரெல் (1891–1959). அவர் துரோகியா, மக்களைக் காத்தவரா என்னும் வினா இன்றும் முடிவுறவில்லை. அவ்வினா நீடிப்பதற்குரிய காரணத்தை அவருடைய செயல்களோடு, அவை பற்றித் தீர்ப்பு வழங்கப்படாமையிலும் காணவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போர் அறிவிப்பும் படைச்சேர்ப்பும்

1944 செப்டம்பரில் அமெரிக்க விமானங்கள் மணிலாவைத் தாக்கியதையடுத்து, அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் போர்நிலை நிலவுவதாக லாரெல் அறிவித்தார். எனினும் கட்டாயப் படைச்சேர்ப்பை அவர் நடைமுறைப்படுத்தவில்லை. அறிவிப்பை முதன்மைப்படுத்துவோர் அதனைத் துரோகத்தின் சான்றாகக் கொள்கின்றனர். படைச்சேர்ப்பு இன்மையை முதன்மைப்படுத்துவோர் இளைஞரைக் காக்கும் உத்தியாகக் கருதுகின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர்க்கு ஆதரவாக மக்கபிலி என்னும் தனி ஆயுதக்குழு தொடங்கப்பட்டமை பின்னவர் கருத்துக்கு ஓரளவு வலுச்சேர்க்கிறது.

சட்டத்தின் நிலைப்பாடு

ஆக்கிரமிப்புக்கால அரசு நடைமுறையில் இயங்கிய அரசே என்றும், அதன் நீதிமன்றங்களின் அரசியல் சாராத தீர்ப்புகள் செல்லும் என்றும் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 1945இல் கூறியது. ஆக்கிரமிப்பினால் குடிமக்களின் நாட்டுப்பற்றுக் கடமை இடைநிற்பதில்லை என 1947இல் அனஸ்தாசியோ லாரெல் வழக்கில் அந்நீதிமன்றமே முடிவு செய்தது. இவர் குடியரசுத் தலைவரினும் வேறானவர். இவ்விரு முடிவுகளையும் இணைத்து நோக்கின், பதவி வகித்தமை மட்டுமே குற்றமாகாது, கடமையும் நீங்காது. ஆகவே ஒவ்வொரு செயலையும் அதன் நோக்கத்தையும் தனித்தனியே ஆராய்தல் இன்றியமையாததாகிறது.

ஹோசே லாரெல் மீது 132 துரோகக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவ்வழக்கு முடிவதற்குள், 1948 ஜனவரி 28இல் குடியரசுத் தலைவர் மனுவேல் ரோஹாஸ் பொதுமன்னிப்பு வழங்கினார். அரசியல், பொருளாதார ஒத்துழைப்பாளர்களுக்கு உரிய அம்மன்னிப்பு, ஆயுதம் ஏந்தியோரையும் ஒற்றர்களையும் உள்ளடக்கவில்லை. இதனால் மேல்தட்டுத் தலைவர்கள் விடுபட, எளிய நிலையினர் பலர் தண்டனைக்குரியோராயினர். ரோஹாஸும் லாரெல் அரசில் பணியாற்றியவர் என்பதால், மன்னிப்பின் நடுநிலைமையும் வினாவுக்குள்ளாகிறது.

முடிவுரை

லாரெல் 1949 குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றார்; 1951 மேலவைத் தேர்தலில் முதலிடம் பெற்றார். இவ்வெற்றியை மக்கள் அளித்த விடுதலைத் தீர்ப்பாகக் காட்டுவது பொருந்தாது. வாக்குகள் போர்க்காலச் செயல்களை மட்டும் எடைபோட்டு அளிக்கப்பட்டவை அல்ல. பொதுமன்னிப்பு தண்டனையை நீக்கும்; உண்மையை நிறுவாது. நீதிமன்றம் விட்டுச்சென்ற அவ்விடத்தையே வரலாற்று ஆய்வு இன்றளவும் நிரப்ப முயல்கிறது.