கொட்டிலிலே பிறந்த வேகம்

ஒரு சிறு கொட்டில். அதன் சுவரிலே ஒரு பலகைத் தட்டு. அத் தட்டின்மீது வெடித்த பிஸ்டன்களும், முறிந்த இணைப்புத் தண்டுகளும், உருக்குலைந்த வேறு இரும்புத் துண்டுகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. “வேகத் தெய்வத்துக்குக் காணிக்கைகள்” என்று அவற்றுக்கு ஆங்கிலத்திலே ஒரு தலைப்பும் எழுதப்பட்டிருந்தது. கோவிலிலே நேர்த்திக்கடன் செலுத்துவோரை நாம் நன்கறிவோம். தம் தோல்விகளையே காணிக்கையாக்கி, அவற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டு வேலை செய்த ஒரு பக்தரைக் காண்பது அரிது.

அவர் பெயர் பேர்ட் மன்றோ. ஊர் நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில். 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்துபோக, இக் குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று வைத்தியர்கள் பெற்றோரிடம் கூறினராம். வைத்தியர்களின் கணக்கு ஏறக்குறைய எழுபத்தேழு ஆண்டுகள் பிழைத்துவிட்டது!

1920ஆம் ஆண்டிலே மன்றோ ஒரு புதிய மோட்டார்ச் சைக்கிளை வாங்கினார். அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே இந்தியன் கம்பனியார் செய்த ‘ஸ்கவுட்’ என்னும் வண்டி அது. டப்ளின் நகரிலிருந்து சென்ற சாள்ஸ் பிராங்ளின் என்னும் பொறியியலாளர் அதை வகுத்தவர். ஆங்கில ‘வீ’ எழுத்தைப் போல விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள்; கொள்ளளவு 600 சி.சி.; உச்ச வேகம் மணிக்கு 55 மைல். அக்காலத்துக்கு அது நல்ல வேகமே. மன்றோவுக்கு அது போதவில்லை. 1926இல் அந்த எஞ்சினிலே கைவைத்தவர், அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

எஞ்சினின் வலுவைக் கூட்டுவதற்கு எவர்க்கும் முதலிலே தோன்றும் வழி, சிலிண்டரின் துளையைப் பெருப்பித்தலாகும். துளை அகன்றால் ஒவ்வோர் உறிஞ்சலிலும் கூடுதலான எரிவாயுக் கலவை உள்ளே செல்லும், கூடுதலாக எரியும், பிஸ்டனைக் கூடுதலாகத் தள்ளும். கணக்கு மிக எளிது. துளையின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, அதை 0.7854 ஆற் பெருக்கினால் துளையின் பரப்பு வரும். அதைப் பிஸ்டன் ஓடும் தூரத்தாலும், பின் சிலிண்டர்களின் தொகையாலும் பெருக்கக் கொள்ளளவு கிடைக்கும். ஸ்கவுட் வண்டியின் துளை ஏறக்குறைய 70 மில்லிமீற்றர். ஓட்டம் ஏறக்குறைய 78 மில்லிமீற்றர். மாணவர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணித்துப் பார்க்கலாம். 600க்கு மிக அண்மையில் விடை வரும்.

மன்றோ இந்த 600ஐக் காலப்போக்கில் 850 ஆக்கினார். பின்னர் 950 ஆக்கினார். ஓட்டத்தை மாற்றாது துளையை மாத்திரம் பெருப்பித்து 950ஐ அடைய வேண்டுமாயின், 70 மில்லிமீற்றர் துளை 88 மில்லிமீற்றராதல் வேண்டும். பதினெட்டு மில்லிமீற்றர்தானே என்று எண்ணிவிடலாகாது. பழைய சிலிண்டரின் சுவர் அத்தனை தடிப்பானதன்று. கடைந்துகொண்டே போனால் சுவர் மெலியும், வெப்பத்தால் வளையும், ஈற்றிலே பிளந்துவிடும். ஆகவே புதிய சிலிண்டர் வேண்டும். இன்வர்கார்கிலிலே அதை விற்பவர் யார்? எவருமில்லை. மன்றோ வார்ப்பிரும்பாலான பழைய எரிவாயுக் குழாய்களைத் தேடியெடுத்து, அவற்றைக் கடைந்து சிலிண்டர்களாக்கினார். தெருவின் கீழே எரிவாயுவைச் சுமந்து கிடப்பதற்கென வார்க்கப்பட்ட குழாய், தன் வயிற்றிலே வெடிப்புகளைத் தாங்கும் சிலிண்டராக மாறியது.

அடுத்தது பிஸ்டன். இங்கேதான் வீட்டுப் பட்டறையின் உண்மையான சோதனை தொடங்குகின்றது. பழைய அலுமினியத்தை உருக்கி, தகர டப்பாக்களையே அச்சாக்கி வார்த்தார் மன்றோ. சொல்வதற்கு எளிதாயிருக்கின்றது. அலுமினியம் 660 பாகை சென்ரிகிரேட்டிலே உருகும். அச்சிலே ஒரு துளி ஈரம் இருந்தாற் போதும்; அது கணத்திலே நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்திலே வாரியிறைக்கும். உலோகத்தை மிகையாகக் காய்ச்சினால் வாயுவை உறிஞ்சிக்கொண்டு, ஆறும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை விட்டுவிடும். வெளியே பளபளவென்றிருக்கும் அத்தகைய பிஸ்டன், முழு வேகத்திலே உடைந்த பின்னரே தன் உட்குறையைக் காட்டும். (இதைப் படித்துவிட்டு வீட்டு அடுப்பிலே அலுமினியச் சட்டியை உருக்க எண்ணும் இளைஞர்களை, முதலில் ஒரு தேர்ந்த வார்ப்புக்காரரிடம் சென்று நிற்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.)

வார்த்த பிஸ்டனைச் சிலிண்டருக்கு ஏற்பக் கடைய வேண்டும். இதில் ஒரு நுட்பமுண்டு. அலுமினியம் சூடேறும்போது வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிர்ந்திருக்கையிலே இறுக்கமாகப் பொருந்தும் பிஸ்டன், சூடேறியதும் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். மணிக்கு நூறு மைலிலே ஓடும் வண்டியின் எஞ்சின் திடீரென இறுகினால் ஓட்டுபவர் கதி என்னவாகுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கஞ்சி இடைவெளியைக் கூட்டிவிட்டாலோ, எரிவாயு பக்கங்களால் நழுவி வலு குறையும். பிஸ்டனும் சுவரிலே மோதி மோதிச் சிதையும். மயிரிழையளவான இந்த இடைவெளியை அளக்க ஒருவர்க்கு நுண்ணளவுக் கருவி வேண்டுமன்றோ? மன்றோ பழைய சில்லுக் கம்பியொன்றைக் கொண்டே அளந்தார் என்று கூறப்படுகின்றது. நாம் இதை வியப்போடு குறிக்கின்றோமேயன்றி, எவரும் பின்பற்றத் தக்க முறையாகக் குறிக்கவில்லை.

துளை பெருத்தால் தொல்லையும் பெருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 70 மில்லிமீற்றர் 88 ஆகும்போது பிஸ்டன் முகத்தின் பரப்பு நூற்றுக்கு 58 வீதம் கூடுகின்றது. ஒரே அமுக்கமெனினும் தள்ளும் விசையும் அவ்வளவு கூடும். பிஸ்டனின் நிறையும் கூடும். அந்நிறையை ஒவ்வொரு சுற்றிலும் ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பியோட்ட வேண்டும். எஞ்சினின் சுழற்சி இரு மடங்கானால், இதனால் விளையும் இழுவிசை நான்கு மடங்காகும். இவ்வளவையும் தாங்குவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. தொழிற்சாலையிலே செய்த தண்டுகள் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. கற்றர்பிலர் உழவு இயந்திரமொன்றின் அச்சிரும்பை எடுத்து, அதிலிருந்து தாமே தண்டுகளைச் செதுக்கினார் மன்றோ. மரத்தைச் செதுக்கிச் சிற்பம் செய்வோர் உளர். இவர் உருக்கைச் செதுக்கினார்.

எஞ்சினின் மூச்சையும் மாற்றினார். தொழிற்சாலை அமைத்த வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலே இருந்தன. அவ்வழியே கலவை வளைந்து நெளிந்து உட்செல்ல வேண்டும். எரியும் அறையும் அகன்று தட்டையாகிவிடும். ஆகையால் கலவையை வேண்டிய மட்டும் நெருக்க முடியாது. வால்வுகளைத் தலைக்கு மேலே அமைத்தால் கலவை நேராக இறங்கும், அறையும் சிறிதாகும். மன்றோ புதிய தலைகளைச் செய்து மேல் வால்வு முறைக்கு மாற்றியதோடு, வால்வுகளை இயக்கும் கமங்களையும் இரண்டிலிருந்து நான்காக்கினார். சில்லுச் சக்கரம், எண்ணெய் ஊட்டும் முறை, கிளச் முதலியவையும் ஒவ்வொன்றாக அவர் கையாற் புதிதாயின.

இத்தனையும் ஏன் வேண்டியிருந்தன? வேகம் இரு மடங்காக வேண்டுமாயின் காற்றைக் கிழித்துச் செல்லும் வலு எட்டு மடங்கு வேண்டும். 55 மைலை 184 மைலாக்க, அதே கணக்கின்படி முப்பத்தேழு மடங்குக்கு மேற்பட்ட வலு தேவை. கொள்ளளவைக் கூட்டியதால் அவர்க்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றரை மடங்கே. எஞ்சியதை மேல் வால்விலும், மிகை நெருக்கத்திலும், மிகைச் சுழற்சியிலும், காற்றை வழுக்கவிடும் நீண்ட ஓட்டிலும் தேட வேண்டியிருந்தது. துளையைப் பெருப்பித்தவுடனே வேகம் தானாக வந்துவிடும் என்று நம்பும் இளைஞர் இன்றும் பலருளர். அவர்கள் இக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையையும் குடும்பங்கள் படிக்கும் இப் பக்கத்திலே மறைப்பது முறையன்று. நான்கு பிள்ளைகளின் தந்தையாகிய மன்றோவின் மணவாழ்க்கை 1940களிலே முறிந்தது. அக் காலப் பகுதியின் கடைசியிலே அவர் தொழிலையும் விட்டு, ஒரு கொட்டிலிலேயே குடியேறி, இரவு பகலாக எஞ்சின்களோடு வாழ்ந்தார். 1950களின் பிற்பகுதியிலே நெஞ்சுவலி நோயும் வந்து சேர்ந்தது. இதைத் தவம் என்போரும் உளர். பித்து என்போரும் உளர். எமக்கு இரண்டும் கலந்ததாகவே தோன்றுகின்றது.

நெஞ்சுவலியோடுதான் அவர் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றார். யூட்டா மாநிலத்திலே பொனவில் என்னும் இடத்தில் உப்பு உறைந்த பெரும் வெளியொன்று உண்டு. அங்கே ஓட்டங்களின் வேகத்தை அளந்து சாதனையாகப் பதிவர். ஒரு திசையிலே ஓடினாற் போதாது; எதிர்த் திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியே கணக்கிலெடுக்கப்படும். காற்றின் உதவியால் வந்த வேகம் இவ்வாறு கழிக்கப்படுகின்றது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே இருப்பதால் அங்கே காற்று ஐதானது. கடலோரத்து ஒறெற்றி மணற்கரையிலே ஓட்டிப் பழகிய மன்றோவின் எஞ்சினுக்கு அங்கே மூச்சு முட்டியிருக்கும். கலவையின் அளவுகளை மீண்டும் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

1962ஆம் ஆண்டு, தமது 63ஆம் வயதிலே, 850 சி.சி. எஞ்சினோடு மணிக்கு 178.95 மைல் ஓடி உலக சாதனை படைத்தார். 1966இல் வேறொரு வகுப்பிலே 168.07 மைல். 1967இல் 950 சி.சி. எஞ்சினோடு 183.59 மைல். அப்போது ஓட்டியவர்க்கு வயது 68. வண்டிக்கு வயது 47. அவ்வாண்டிலே தகுதி காண்பதற்காக ஒரு திசையில் ஓடிய ஓர் ஓட்டத்திலே 190.07 மைலையும் தொட்டார். 2005ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘உலகின் அதிவேக இந்தியன்’ என்னும் ஆங்கிலப் படத்திலே அன்ரனி ஹொப்கின்ஸ் இவராக நடித்தார். படம் பார்ப்பதற்கு இனியது. ஆயின், அதிலே ஒரே பயணம் போலக் காட்டப்படுவது உண்மையிலே பத்துப் பயணங்கள். முதல் முறை அவர் வேடிக்கை பார்க்கவே சென்றார். பின்னர் ஒன்பது முறை ஓடச் சென்றார். அந்த ஒன்பதிலே மூன்று முறைதான் சாதனை கிட்டியது. மற்றவை பலகைத் தட்டின் கணக்கிலே சேர்ந்தன போலும்.

1977இல் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. தம் வண்டிகள் தம் நாட்டுப் பகுதியை விட்டுப் போகலாகாது என்று விரும்பி, அவற்றை இன்வர்கார்கிலிலே ஒரு வணிகருக்கு விற்றார். 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் காலமானார்.

கதை அங்கே முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மகன் பழைய பதிவுகளைப் பார்க்கையில், 1967ஆம் ஆண்டுச் சராசரியைக் கணித்ததிலே ஒரு பிழை இருப்பதைக் கண்டார். அமெரிக்க மோட்டார்ச் சைக்கிள் சங்கத்தார் 2014இல் அதைச் சரிபார்த்து, சாதனையை 184.087 மைல் எனத் திருத்திப் பதிந்தனர். தந்தை இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய வேகம் அரை மைலளவு கூடியது.

அவ்வண்டி பின்னர் இன்வர்கார்கிலிலே ஹேய்ஸ் என்னும் இரும்புச் சாமான் கடையிலே, காட்சிச்சாலையின் கண்ணாடி மண்டபத்திலல்லாது, ஆணிகளுக்கும் அரங்களுக்கும் திருகாணிகளுக்கும் நடுவே மக்கள் பார்க்க வைக்கப்பட்டது. கதவுக்குக் கீல் வாங்க வந்தவர்கள், சாமான் கட்டி முடியும் வரையில் அதன் முன்னே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.